மூன்றாவது கம்பி

ஃபியூஸ் கட்டை இன்னும் சூடாக இருந்தது. பீங்கான் இவ்வளவு சூடு பிடிக்குமா என்று நினைத்த கயற்கண்ணி, பிடிக்காமல் என்ன செய்யும், காலையிலிருந்து இந்தத் தெருவில் பாதி வீட்டு ஃபேனும் கிரைண்டரும் இதற்குள் நுழைந்துதானே போயின என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டு, கட்டையை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினாள். கீழே வைக்கக் கூடாது. அப்படி எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை, ஆனால் அவள் உதவிப் பொறியாளராக இருக்கும் இந்த மின்வாரிய செக்‌ஷனில் அதுதான் நடைமுறை. கம்பத்தில் ஒருவன் வேலை பார்க்கும்வரை, அவனுக்காகப் பிடுங்கிய கட்டை டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் நிற்பவர் கையிலேயே இருக்க வேண்டும். தரையில் கிடந்தால் தெருக்காரர் யாராவது, நம்ம வீட்டில்தான் கரண்ட் இல்லையே என்று, எடுத்து மாட்டிவிட்டுப் போய்விடுவார். மாட்டியும் இருக்கிறார்கள், நல்லெண்ணத்தோடுதான். கட்டை நம் கையில் இருந்தால் கம்பத்தில் இருப்பவன் உயிர் நம் கையில் இருக்கிறது என்று டீ குடிக்கும்போது சொல்லிச் சிரிப்பார்கள். இப்போது கம்பத்தில் இருப்பது சோணமுத்து. வயர்மேன், அவளைவிட இருபது வயது மூத்தவர், வாயைத் திறந்தால் கேலி. அவரோடு வரவேண்டிய ஆள் வேறெங்கோ கம்பி அறுந்து விழுந்ததென்று ஓடிவிட்டதால் துணைக்கு அவளே வந்திருந்தாள். “நீலத்தப் புடுங்கியாச்சு மேடம், இனி கடேசிப் போஸ்ட்ல மூணாவது கம்பி செத்த கம்பி. நாலு வீட்டையும் அதுல இருந்து கழட்டி நடுக்கம்பியில போட்டுட்டு வந்துர்றேன்” என்று சொல்லிவிட்டு டிவிஎஸ்ஸை மிதித்துக்கொண்டு தெருமுனை திரும்பிப் போய்விட்டார். அவள் சரி என்றாள். சரி என்று மட்டும்தான் சொன்னாளா, நீலம் மூணாவது சரிண்ணே என்று சேர்த்துச் சொன்னாளா? சேர்த்துச் சொன்ன மாதிரியும் இருந்தது. வெயில் உச்சந்தலையில் நின்றது. பக்கத்தில் சிமென்ட் மேடை மேல் இருந்த சின்டெக்ஸ் தொட்டியின் நிழல் அவளுடைய செருப்பு வரைக்கும்தான் எட்டியது.

நீலம். அப்படிப் பார்த்தால் கம்பிக்கு நிறம் ஏது, எல்லாம் ஒரே அலுமினியம், வெயிலில் எல்லாம் ஒரே பளபளப்பு. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தெருவுக்குப் போவது மூன்று கம்பி, இங்கே கட்டைப் பெட்டியில் சிவப்பு மஞ்சள் நீலம் என்று பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், கம்பத்தில் மேலிருந்து கீழே அதே வரிசையில் முதல் கம்பி, இரண்டாவது கம்பி, மூன்றாவது கம்பி. பாரம் மூன்றிலும் ஏறக்குறையச் சமமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். ஒன்றில் கூடினால் அந்தக் கம்பிக்காரர் வீட்டில் விளக்கு அழும், ஃபிரிட்ஜ் உறுமும், கட்டை எரியும், பிறகு போன் எரியும். இதைச் சமப்படுத்தத்தான் அவளுக்குச் சம்பளம். ஆனால் இந்தத் தெருவில் முக்கால்வாசி வீட்டில் மெயின் போர்டுக்குப் பக்கத்தில் எந்தக் கம்பியிலிருந்து கரண்ட் எடுப்பது என்று மாற்றிக்கொள்ள ஒரு திருகு சுவிட்ச் இருக்கிறது, ஒன்று இரண்டு மூன்று என்று நம்பர் போட்டது. விளக்கு மங்கினால் திருகுவார்கள். ஒன்றிலிருந்து இரண்டுக்கு. இரண்டில் நல்ல வெளிச்சம் என்று பக்கத்து வீட்டுக்குக் குரல் கொடுப்பார்கள், பக்கத்து வீடும் திருகும், எதிர்வீடும் திருகும், ஊர் ஒற்றுமையைப் பார்க்க வேண்டுமானால் மே மாத மத்தியானத்தில் இங்கே வந்து பார்க்க வேண்டும், அத்தனை பேரும் ஒரே கம்பியில் ஏறி உட்கார்ந்து அதையும் மங்க வைத்துவிட்டு, பிறகு சேர்ந்தே மூன்றுக்கு நகர்வார்கள். காலையில் அவள் சமன் செய்து வைத்ததை மத்தியானம் தெருவே கூடிக் கலைத்துவிடும். போன வாரமும் அப்படித்தான் நடந்தது. நீலத்தில் பாரம் அதிகம் என்று ஆறு வீட்டை மூன்றாவது கம்பியிலிருந்து இரண்டாவது கம்பிக்கு மாற்றினார்கள். மறுநாள் பாரம் அளக்கும் டாங் டெஸ்டரை வைத்துப் பார்த்தால் நீலம் குறையவில்லை, இன்னும் ஏறியிருந்தது. எடுத்த இடத்தில் எப்படி ஏறும்? ஒரு குடத்திலிருந்து தண்ணீரை மொண்டு அடுத்த குடத்தில் ஊற்றினால் முதல் குடமா நிறையும்? திருகியிருப்பார்கள், தெருவே சேர்ந்து நீலத்துக்குத் திருகியிருக்கும் என்று அவள் முடிவு செய்தாள். அதனால்தான் இன்றைக்குக் கடைசிக் கம்பத்து வீடுகளை எடுத்துக்கொண்டாள். அவை சின்ன வீடுகள், திருகு சுவிட்ச் இல்லாதவை, வைத்த இடத்தில் இருக்கும். நல்ல யோசனைதான். யோசனை நன்றாக இருந்ததில் காலையில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

மாவு மில் வாசலில் இருந்து காசிம் ராவுத்தர் கைலியைத் தட்டிக்கொண்டே வந்தார். “என்னம்மா வெயில்ல நிக்கிறீங்க, உள்ள வந்து உக்காருங்க. மில்லும் சும்மாதான் கெடக்கு. ஒரு கட்டையப் புடுங்கிட்டாப் போதும், என் மோட்டார் உறுமும், அதான் நானே அமத்திட்டேன்” என்றார். “இருக்கட்டும் பாய், அண்ணன் போஸ்ட்ல நிக்கிறாரு, நான் இந்த இடத்த விட்டு வரக் கூடாது” என்றாள். அவர் அண்ணாந்து டிரான்ஸ்ஃபார்மரைப் பார்த்தார். “பங்குனியில இதப் புதுசா வச்சீங்கல்ல, அதுக்கு ஒரு நன்றி சொல்லணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். பழசு வாரத்துல நாலு நாளு படுத்துக்கும். ஆனா ஒண்ணு, இத வச்சன்னைக்கு எம் மோட்டாரு தலைகீழால்ல சுத்துச்சு! மொளகாயக் கொட்டுறேன், உள்ள போகாம அம்புட்டும் எம் மூஞ்சிக்கே வருது. கண்ணு ரெண்டும் போச்சுன்னே நெனச்சேன்.” அவர் சிரித்தார், அவளும் சிரித்தாள். “அப்புறம் என்ன பண்ணுனீங்க பாய்?” “என்ன பண்றது, ரெண்டு வயர எடம் மாத்திக் குடுத்தேன், சரியாப் போச்சு. இதுக்கெல்லாம் உங்களக் கூப்புடுவாங்களா?” என்று கேட்டுவிட்டு அவர் மில்லுக்குள் திரும்பிப் போனார். உதட்டில் அந்தச் சிரிப்பு இருக்கும்போதே அவர் சொன்னதில் ஏதோ ஒன்று அவளுக்கு இடறியது. என்ன என்று முதலில் தெரியவில்லை.

மோட்டார் தலைகீழாகச் சுற்றியது. சுற்றட்டும், சரி செய்துவிட்டாரே. மிளகாய், மூஞ்சி, கண். மூன்று கம்பியிலும் ஓடுகிற மோட்டார் எப்போது தலைகீழாகச் சுற்றும்? இரண்டு கம்பி இடம் மாறினால் சுற்றும், காலேஜில் முதல் வருஷப் பாடம், பரீட்சையில் ரெண்டு மார்க். அப்படியானால் பங்குனியில் வெளியூர் கேங் வந்து பழைய டிரான்ஸ்ஃபார்மரை இறக்கிப் புதியதை ஏற்றி, இருட்டுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று பறந்து பறந்து கேபிளை முறுக்கியபோது, இரண்டு கம்பி இடம் மாறிப் போயிருக்கிறது. வீட்டுக்காரர்களுக்கு அது தெரியாது, ஃபேனுக்கும் விளக்குக்கும் எந்தக் கம்பியானால் என்ன. மில்லுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது, மில்காரர் அதைத் தானே சரி செய்துகொண்டு மிளகாய் அரைக்கப் போய்விட்டார். பெயிண்ட் மட்டும் அப்படியே இருக்கிறது. சிவப்பு, மஞ்சள், நீலம். மின்சாரம் என்ன பெயிண்டைப் படித்துவிட்டா போகும். எந்த இரண்டு? சிவப்பும் மஞ்சளும் மாறியிருந்தால் நீலம் நீலம்தான், மூன்றாவது கம்பி செத்த கம்பிதான், சோணமுத்து பாட்டுக்கு வேலையை முடித்துவிட்டு வருவார். மஞ்சளும் நீலமும் மாறியிருந்தால்? அப்போது இந்தக் கட்டை, கையில் சூடாக இருக்கும் இந்தக் கட்டை, மூன்றாவது கம்பியுடையது இல்லை. மூன்றாவது கம்பி உயிரோடு இருக்கிறது. சிவப்பும் நீலமும் மாறியிருந்தாலும் அதே கதிதான். இல்லை, இரு, அப்படியும் இல்லாமல் இருக்கலாம், மில்லுக்குப் போகிற கேபிளை மட்டும் அன்றைக்குக் கழற்றி மாட்டியிருப்பார்கள், அதில் மட்டும் மாறியிருக்கும், தெருக் கம்பிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கும். இருக்கலாம். மூன்றில் இரண்டு, இல்லை நான்கில் இரண்டு, எண்ணி என்ன ஆகப்போகிறது, பூவா தலையா போட்டுப் பார்க்கிற விஷயமா இது, அவர் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு கையை நீட்டிக்கொண்டு இருப்பார்.

அவள் சோணமுத்துவின் நம்பரை அழுத்தினாள். மணி போனது. போய்க்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டார் என்று அவளுக்கே தெரியும், கம்பம் ஏறும்போது போனை வண்டிப் பைக்குள் போட்டுவிட்டுத்தான் ஏறுவார், மேலே இருக்கும்போது மணி அடித்தால் கை தடுமாறும் என்பார். தடுமாறும் என்றால் இப்போது அடிப்பதும் தப்போ? அணைத்தாள். அணைத்ததும் தப்பு என்று தோன்ற மறுபடி அழுத்தினாள். மணி போகப் போக, ஏதாவது ஒரு வீட்டைப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்று திடீரென்று பட்டது. நீலக் கட்டையைப் பிடுங்கியதும் எந்த வீட்டில் கரண்ட் போனதோ அந்த வீட்டு வயரை அண்ணாந்து பார்த்தால் போதும், அது எந்தக் கம்பியிலிருந்து வருகிறதோ அதுதான் செத்த கம்பி. எவ்வளவு சுலபம். எதிர்வீட்டில் நைட்டி தைக்கும் பஞ்சவர்ணம் ஜன்னலோரம் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். “பஞ்சவர்ணம், இப்பக் கட்டையப் புடுங்குனப்ப உங்க வீட்டுல கரண்ட் போச்சா?” என்று கயற்கண்ணி கத்தினாள். “போச்சு மேடம்!” என்று அவளும் கத்தினாள். “போனவொடனே திருப்பிவிட்டுட்டேன், இப்ப மூணுல ஓடுது!” மூணுல. எந்த மூணு? அவளுடைய சுவிட்ச்சின் மூன்று எந்தக் கம்பியின் மூன்று? போர்டு வைத்த எலெக்ட்ரீசியன் கைக்கு வந்த வயரைக் கைக்கு வந்த நம்பரில் மாட்டியிருப்பான். “முன்னாடி எதுல ஓடுச்சு?” “ரெண்டுல. இல்ல இல்ல, காலையில ஒண்ணுல வச்சிருந்தேன், வோல்டேஜ் இல்லைன்னு எங்க மாமியா வந்து மாத்துச்சு. ஏன் மேடம், எதுல வச்சா நல்லாருக்கும்?” பஞ்சவர்ணம் வீட்டுக்கு மூன்று வயரும் சேர்ந்தே போயின, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு. அதற்கு அடுத்த வீட்டுக்கும் அப்படியே. ஒற்றை வயர் போகிற வீடு இந்தப் பக்கம் ஒன்றுகூட இல்லை, அதெல்லாம் தெருமுனைக்கு அப்பால், கடைசிக் கம்பத்தில். அங்கே ஓடிவிடலாமா? ஓடினால் இங்கே யார் நிற்பது? கட்டையைத்தான் கையில் வைத்திருக்கிறாளே, ஓடலாமே. கட்டை இல்லாவிட்டால் என்ன என்று ஒரு துண்டுக் கம்பியை வளைத்துச் செருகுகிற ஆட்களும் இந்தத் தெருவில் உண்டு. அதைவிட, அவ்வளவு தூரம் ஓடிப் போய்ச் சேர்வதற்குள்? போன வாரம் ஏறியதே, நீலம், எடுத்த குடம் நிறைந்ததே. அது திருகினதால் இல்லையோ, மஞ்சள் என்று நினைத்து நீலத்திலேயே கொண்டுபோய் ஊற்றினோமோ. இல்லை, திருகினதாலும் இருக்கலாம். அவர்கள்தான் எப்போதும் திருகுகிறார்களே.

தலைக்கு மேலே ஏபி சுவிட்ச்சின் நீண்ட இரும்புக் கம்பி இறங்கி வந்து இடுப்பு உயரத்தில் கைப்பிடியாக நின்றது. அதை இழுத்தால் மொத்த டிரான்ஸ்ஃபார்மரும் அமர்ந்துவிடும், மூன்று கம்பியும் சாகும், எந்த நிறமானாலும் சாகும். சந்தேகமே வேண்டாம். அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். சந்தேகம் என்ற அந்தச் சொல்லைத் தொட்டதும் செக்‌ஷன் ஆபீஸில் முன்பு கேட்ட ஒரு சிரிப்பு காதில் ஒலித்தது. தை மாதத்தில் ஒரு கல்யாண மண்டபத்துப் பக்கம் கம்பி மாற்றும்போது, மண்டபத்து ஜெனரேட்டரிலிருந்து கரண்ட் திரும்பி வந்துவிடுமோ என்று அவள் பயந்து வேலையை நிறுத்தி, அந்த வட்டாரம் முழுக்க இருட்டாக்கி, ஆளை அனுப்பிப் பார்த்தால் அந்த ஜெனரேட்டரை விற்று ஒரு வருஷம் ஆகியிருந்தது. சாயங்காலம் டீ வந்தபோது சோணமுத்துதான் ஆரம்பித்தார், “நம்ம டவுட்டு மேடத்துக்கு ஒரு டீ போடுப்பா, சர்க்கர இருக்கான்னு ரெண்டு தடவ பாத்துட்டுக் குடு.” எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், சிரிக்காவிட்டால் இன்னும் சிரிப்பார்களே. அன்றிலிருந்து டவுட்டு மேடம். முகத்துக்கு நேரே இல்லை, கதவுக்கு அந்தப் பக்கம், ஜீப்புக்குப் பின்னால். பொம்பளை ஆபீசர் என்றாலே இப்படித்தான் என்று ஒருவன் போனில் சொன்னதையும் கேட்டிருக்கிறாள். அதோடு, போன வாரம் இந்தத் தெருப் பெண்கள் முப்பது பேர் செக்‌ஷன் வாசலில் வந்து உட்கார்ந்து, பகலில் கரண்டை நிறுத்தினால் எங்க தையல் என்னாவது என்று கத்தினபோது, முழுசா நிறுத்த மாட்டேன், நான் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்தது அவள்தான். அதனால்தான் மூன்றையும் நிறுத்தாமல் ஒற்றைக் கட்டையை மட்டும் பிடுங்கி வேலை பார்ப்பதற்குத் தலையாட்டினாள். அது தப்பு. தப்பு என்று தெரிந்துதான் தலையாட்டினாள். எல்லா செக்‌ஷனிலும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று சோணமுத்து சொன்னார், மாட்டேன் என்றால் டவுட்டு மேடம் என்பார்.

ஸ்கூல் டிரில் ஞாபகம் வந்தது, ஏன் வருகிறது இந்த நேரத்தில், இடது வலது இடது வலது என்று பி.டி. டீச்சர் விசிலடிக்க, மொத்த வரிசையும் ஒரு பக்கம் திரும்பியபோது அவள் மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பி முன்னால் நின்றவள் முகத்துக்கு நேரே முகம் வைத்து நின்றது. மாறி நின்றவளுக்கு, தான் மாறி நிற்பது தெரியவே தெரியாது. எல்லோரும் சேர்ந்து தப்பாகத் திரும்பியிருக்கிறார்கள் என்றுதான் அவள் நினைத்தாள். அவளுடைய முதல் போஸ்டிங்கில் இருந்த ஆபீசரும் அப்படி நினைத்தாரோ என்னவோ. அவர் போனில்தான் சொன்னார், எந்தக் கம்பி என்று, ஹெல்ப்பர் அதைத் தொட்டான், கீழே இறக்கும்போது அவன் கழுத்து ஒரு பக்கமாகத் தொங்கியது. விசாரணையில் அவர் நான் தெளிவாச் சொன்னேன் என்றார். அவர் சொன்னபோது கயற்கண்ணி அதே அறையில்தான் ஃபைல் பார்த்துக்கொண்டிருந்தாள், அவர் குரல் காதில் விழுந்தது, என்ன சொன்னார் என்பது மட்டும் இன்றுவரை ஞாபகம் வரவில்லை. தெளிவாகத்தான் சொல்லியிருப்பார். எல்லோரும் தெளிவாகத்தான் சொல்கிறார்கள். நீலம் மூணாவது சரிண்ணே. அவளும் தெளிவாகச் சொன்னாளோ என்னவோ. சோணமுத்துவுக்கு இரண்டு பெண்கள், சின்னவளுக்கு ஆவணியில் கல்யாணம் வைத்திருக்கிறார். போன வாரம்தான் அவளிடம் லீவு கேட்டார், அவரோடு கேலியாகப் பேச ஒரு வாய்ப்புக் கிடைத்ததே என்று அவளும் டவுட்டாத்தான்ணே இருக்கு என்று சொன்னாள், அவர் விழுந்து விழுந்து சிரித்தார். இழுத்துவிடு. இழுத்துவிட்டு ஒன்றுமில்லை என்று ஆனால்? சிவப்பும் மஞ்சளும்தான் மாறியது என்று ஆனால்? பெண்கள் வந்து நிற்பார்கள், வாக்குக் குடுத்தியே என்பார்கள், சோணமுத்து வண்டியை நிறுத்திவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒரு பார்வை பார்ப்பார், சாயங்காலம் டீ வரும். அவ்வளவுதானே. அவ்வளவுதான், ஆனால் அந்த அவ்வளவும் அவளுக்கும் கைப்பிடிக்கும் நடுவே வந்து நின்றது. ஒரு ஆள் உயிருக்கு எதிரே ஒரு டீ டம்ளரை வைத்துத் தராசு பிடிக்கிறோம் என்பது அவளுக்குப் புரிந்தது. புரிந்தும் கை போகவில்லை. இதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை, புரிந்த பிறகும் கை ஏன் போகவில்லை. மறுபடி போனை அழுத்தினாள். மணி போனது. காக்கா ஒன்று தொட்டி மேல் உட்கார்ந்து, சொட்டுகிற இடத்தில் அலகை வைத்துத் தண்ணீர் குடித்தது. எத்தனை பேர் வீட்டில் இப்போது ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்.

டிரிப் ஆகிவிட்டது என்று சொல்லிவிடலாமே. எங்கிருந்து வந்தது இந்த யோசனை என்று தெரியவில்லை. வெயில், லோடு தாங்கவில்லை, சப்ஸ்டேஷனில் தானாகவே விழுந்துவிட்டது, நானா நிறுத்தினேன், எனக்கென்ன தெரியும் என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியாது, ராவுத்தர் உள்ளே போய்விட்டார், பஞ்சவர்ணம் குனிந்து தைக்கிறாள். இழுத்துவிட்டுச் சற்று நேரத்தில் அவரை வரவழைத்து, எதற்கும் செக் பண்ணிக்குவோம்ணே என்று சும்மா போகிற போக்கில் சொல்லலாம். சிரிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. அந்தப் பொய் கிடைத்ததும் அவளுக்குக் கை வந்துவிட்டது, அதுவரை எங்கே போயிருந்ததோ அந்தக் கை. கட்டையைத் தோள் பைக்குள் போட்டாள், கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, காலைத் தொட்டி மேடைச் சுவரில் உதைத்துக்கொண்டு, உடம்பு முழுவதையும் கொடுத்து இழுத்தாள். முதலில் அசையவில்லை. இரண்டாம் தடவை மேலே படாரென்று ஒரு சத்தம், நீலமாய் ஒரு பொறி, அப்புறம் தெருவில் அதுவரை கேட்டுக்கொண்டிருந்தது என்றே தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்த சத்தமெல்லாம் நின்றது. தையல் மிஷின்கள், ஃபேன்கள், ஏதோ ஒரு வீட்டு டிவி. காக்கா எழுந்து போனது. அவள் தொட்டி மேடைச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

பெண்கள் வந்துவிட்டார்கள். முதலில் பஞ்சவர்ணம், அவளுக்குப் பின்னால் அவள் மாமியார், அப்புறம் இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி, கழுத்தில் இஞ்சுடேப் தொங்க இன்னும் நாலைந்து பேர். “என்ன மேடம், முழுசா நிறுத்த மாட்டேன்னு நீங்கதான சொன்னீங்க?” “நாளைக்குக் காலையில டெலிவரி மேடம், நாப்பது பீசு இன்னும் கெடக்கு!” “இவுக சொல்றதெல்லாம் இப்படித்தான், நாம ரோட்டுல போயி உக்காந்தாத்தான் சரிப்பட்டு வருவாக!” கயற்கண்ணி வாயைத் திறந்தாள். டிரிப் என்ற வார்த்தை நாக்கில் இருந்தது, ஆனால் வெளியே வரவில்லை, ஏனென்றால் தெருமுனையில் சோணமுத்து வந்துகொண்டிருந்தார். வண்டியில் ஏறி வரவில்லை, உருட்டிக்கொண்டு வந்தார். வண்டி ரிப்பேரோ என்று நினைத்தாள். கிட்டே வந்தபோது, அவர் வண்டியை உருட்டவில்லை, வண்டியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார் என்று தெரிந்தது. பெண்கள் அவரையும் சூழ்ந்துகொண்டு கேட்டார்கள். அவர் ஸ்டாண்டைப் போடப் பார்த்தார், கால் இரண்டு முறை வழுக்கியது. பிறகு தொட்டிக்குப் பின்பக்கம் போய், “மேடம், செத்த இங்கிட்டு வாங்க” என்றார்.

“மூணாவதுல கரண்ட் இருந்துச்சு மேடம்” என்றார், மெதுவாக, பெண்களுக்குக் கேட்காமல். “பெல்ட்ட மாட்டிக்கிட்டேன். கையுறைய வச்சுக்கிட்டு முறுக்குப் பிரிக்க முடியாதுல்ல, கழட்டிட்டேன். கைய நீட்டப் போறேன், கீழ பைக்குள்ள போன் அடிக்க ஆரம்பிச்சிருச்சு. நிக்குது, திருப்பி அடிக்குது. வீட்டுலதான் ஏதோ, கல்யாண விஷயமா எதாச்சும் கொழப்பமோ, எறங்கிப் போயி எடுப்பமா, வேலைய முடிச்சிட்டுப் போவமான்னு ஒண்ணும் ஓடாம அப்படியே நின்னுக்கிட்டு இருக்கேன். அந்த நேரத்துல பாத்து எதுத்த வீட்டுல ஃபேன் நின்னுச்சு. ஓலைக் கொட்டகதான், கதவு தொறந்துதான் கெடந்துச்சு. ஒத்த வயரு மேடம், எம் மூக்குக்கு நேர அந்த மூணாவது கம்பியில இருந்துதான் போகுது. அம்புட்டு நேரமும் அந்த ஃபேனப் பாத்துக்கிட்டேதான் நின்னேன். ஓடிக்கிட்டே இருந்துச்சு. ஓடுதுன்னா என்ன அர்த்தம்னு எனக்கு ஓடல. நின்னப்புறந்தான் தெரிஞ்சுச்சு.” அவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். “மஞ்சளும் நீலமும் மாறிக் கெடந்திருக்கு, என்ன?” என்றார். “ஆமாண்ணே. ராவுத்தர் மோட்டார் ரிவர்ஸ்ல சுத்துச்சுன்னு சொன்னாரு. அப்பத்தான் தெரிஞ்சுச்சு” என்றாள். அவர் தலையை ஆட்டினார். கண் கலங்கியிருந்தது, அதை மறைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. “நல்லவேள மேடம். தெரிஞ்ச ஒடனே இழுத்துட்டீங்க. வேற ஆளா இருந்தா யோசிச்சுக்கிட்டு நின்னுருப்பான்.”

தொட்டிக்கு அந்தப் பக்கம் பெண்கள் இன்னும் கத்திக்கொண்டிருந்தார்கள். அப்படியே விட்டுவிடலாம். டிரிப் என்று சொல்ல வேண்டிய அவசியமும் இப்போது இல்லை, அதைவிட நல்லதாக ஒன்றை அவரே கொடுத்துவிட்டார், நாளைக்கு செக்‌ஷன் முழுக்க அதையே சொல்லுவார், ஜீப்புக்குப் பின்னால்கூட இனி யாரும் எதுவும் பேச மாட்டார்கள். அவளுக்கு அது வேண்டும் போலவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. போனில் அவர் வீட்டுக்காரம்மா இல்லை, நான்தான் என்று சொல்லலாம், அதுவும் அவளுக்கு நல்ல பெயரில்தான் போய்ச் சேரும். எதைச் சொன்னாலும் நல்ல பெயராகவே முடிகிறதே என்று அவளுக்கு அழுகை வந்தது.

“உடனே இல்லண்ணே” என்றாள். “தெரிஞ்சப்புறமும் நின்னேன். கைப்பிடியப் பாத்துக்கிட்டே நின்னேன்.”

சோணமுத்து நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, வெறும் புரியாமைதான் இருந்தது. “தெரிஞ்சப்புறமுமா? எம்புட்டு நேரம்?”

“தெரியல. ரொம்ப நேரம்.”

“எதுக்கு மேடம்?”

அவள் அவர் முகத்தைப் பார்க்காமல், பேன்ட்டில் ஒட்டியிருந்த கம்பத்துத் துருவைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், “நீங்க சிரிப்பீங்கன்னுதாண்ணே.”